நீலகிரியின் ஊர் வரலாறும் வழக்காறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி என்றால் எது வரை?

மாவட்ட எல்லை வேறு, பழங்கதைகளின் எல்லை வேறு. இங்கு வாழும் சமூகங்களுள் ஒன்றான படுகர் இந்த மலையை ‘நாக்கு பெட்டா’, அதாவது நான்கு மலை என்பார்கள். தொதநாடு, மேக்குநாடு, பொரங்காடு, குந்தை என்ற நான்கு சீமைகளும் சேர்ந்ததுதான் அது. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா வட்டாரங்கள் இதற்குள் வரும். கூடலூரும் பந்தலூரும் வராது. அவை வயநாட்டுப் பீடபூமியின் ஒரு பகுதி. 1870களில்தான் நீலகிரி நிர்வாகத்தோடு சேர்ந்தன. அங்கே பணியர், காட்டுநாயக்கர், மவுண்டாடன் செட்டி ஆகியோரின் கதைகளைக் கேட்கலாம், படுகரின் மூதாட்டித் தெய்வமான ஹெத்தையைப் பற்றிக் கேட்க முடியாது. ‘நீலகிரி நாட்டுப்புறக் கதைகள்’ என்று தலைப்பு வைத்து இரண்டையும் ஒரே கூடையில் கொட்டுவதுதான் முதலில் நடக்கும் தவறு.

மலையின் வரலாறு 1819-இல்தானே தொடங்குகிறது?

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய ஆண்டு அது. சாலை, பங்களா, உருளைக்கிழங்கு பற்றிய வரலாறு வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம். அவருக்கு முந்தைய ஆண்டே விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் ஏறி வந்திருந்தார்கள். அதற்கும் வெகு முன்பு, 1603-இல், பினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறி, தோடரையும் படுகரையும் பார்த்து எழுதி வைத்தார். 1117-ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று, விஷ்ணுவர்த்தனன் தோடரை அஞ்ச வைத்ததாகவும் நீலமலையைக் கைக்கொண்டதாகவும் பேசுகிறது. மலைமுகடுகளில் உள்ள கல்வட்டக் குழிகள் இன்னும் பழையவை.

ஆக, ஊர் வரலாறு எழுதுபவர் 1819-ஐ ஒரு மைல்கல்லாக வைத்துக்கொள்ளலாம், தொடக்கப்புள்ளியாக வைக்கக் கூடாது. அந்த ஆண்டிலிருந்துதான் காகிதம் பெருகுகிறது, அவ்வளவே.

ஏழு அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை, திப்புவுக்குப் பயந்து ஓடிவந்த கதை உண்மையா?

படுகர் ஊர்களில் அதிகம் கேட்கும் கதை இது. மைசூர்ப் பக்கம் வாழ்ந்த குடும்பம். தங்கையின் அழகைக் கேள்விப்பட்டு ஓர் அரசன் பெண் கேட்கிறான். அண்ணன்மார் இரவோடு இரவாக அவளை அழைத்துக்கொண்டு தலைமலை வழியாக மலையேறுகிறார்கள். ஆளுக்கொரு ஊரை உண்டாக்குகிறார்கள்.

பல வாய்களில் அந்த அரசன் திப்பு. ஆனால் திப்பு ஆண்டது 1782 முதல் 1799 வரை. 1603-இலேயே பினிசியோ இந்த மலையில் படுகரைப் பார்த்துவிட்டார். ஆக அந்த அரசன் திப்புவாக இருக்க வழியில்லை. அதற்காகக் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். வாய்மொழிக் கதையில் எளிதாக மாறுவது ஆட்களின் பெயர். வழியும் உறவும் சட்டென்று மாறுவதில்லை. பழைய ஒரு மன்னன் இருந்த இடத்தில், பின்னால் வந்த பிரபலமான மன்னன் குடியேறிவிடுவான்.

1565-இல் விஜயநகரம் சரிந்த பின் மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்த குடியேற்றம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நாங்கள் இந்த மலையின் ஆதிகுடிகளே என்று சொல்லும் தரப்பும் சமூகத்துக்குள் வலுவாக இருக்கிறது. இரண்டையும் யார் சொன்னது என்று குறித்து, தனித்தனியாக எழுதுங்கள். ‘ஏழு’ என்ற எண்ணையும் கணக்காக எடுக்காதீர்கள். ஏழு அண்ணன், ஏழு தலைமுறை, ஏழு ஊர் என்றால் பெரும்பாலும் ‘பல’ என்றுதான் பொருள்.

தோடர் தோன்றிய கதை என்ன? எல்லா மக்களும் அதையே சொல்கிறார்களா?

தோடர் கதையில் ஓன் என்ற தெய்வம் நிலத்துக்கடியிலிருந்து எருமைகளை வெளியே கொண்டு வருகிறது. ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட பதிவில் ஓன் எழுப்பியவை 1600 எருமைகள், அவர் மனைவி எழுப்பியவை 1800. ஓன் எழுப்பியவற்றில் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வருகிறான். அவன்தான் முதல் தோடன். எருமை முன்னே, மனிதன் பின்னே. பால்மனையே கோயிலாக இருக்கும் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கோத்தர் சொல்வது வேறு. அவர்களின் தெய்வமான காமட்டராயன் (கம்பட்டராயர்) நெற்றி வேர்வையை வழித்து எறிகிறார். மூன்று துளிகள், அவற்றிலிருந்து தோடர், குறும்பர், கோத்தர் என மூவர். ஒவ்வொருவருக்கும் இன்னது உணவு என்று விதிக்கிறார். இந்தக் கதையில் யாரும் யாருக்கும் மூத்தவரில்லை.

தோடர் நெய் கொடுக்க, கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் இசையும் கொடுக்க, படுகர் தானியம் கொடுக்க, குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுக்க என்று ஓடிய பழைய பரிமாற்றத்தை இந்தக் கதைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தன் இடம் எது என்பதை ஒவ்வொரு தரப்பும் தன் கதையில் சொல்லிக்கொள்கிறது. இரண்டையும் கலந்து ‘நீலகிரி மக்களின் தோற்றக் கதை’ என்று ஒன்றைச் சமைத்தால் இந்தச் செய்தி செத்துவிடும்.

ஊர்ப் பெயரை வைத்து வரலாறு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும், அதுவும் கடைசி உறுப்பிலிருந்து தொடங்கினால். ‘மந்து’ என்று முடிந்தால் தோடர் குடியிருப்பு (முத்தநாடு மந்து). ‘கோக்கால்’ என்றால் கோத்தர் ஊர் (சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால்). கோத்தர் ஊர்கள் மொத்தமே ஏழுதான். ‘ஹட்டி’ அல்லது ‘அட்டி’ என்றால் படுகர் ஊர் (திம்பட்டி, தும்மனட்டி). ‘பெட்டா’ மலை, ‘ஹள்ளா’ ஓடை, ‘கல்’ பாறை. கோத்தகிரியில் ‘கிரி’ இருப்பதால் மலை என்று நினைப்பார்கள். அது ‘கோத்தர் கேரி’, அதாவது கோத்தர் தெரு.

படுக மொழியின் ஒலி மாற்றம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தமிழின் சொல்முதல் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகும்: பால்–ஹாலு, புலி–ஹுலி, பட்டி–ஹட்டி. ‘வ’ அங்கே ‘ப’: வடகர்–படகர். ‘செ’ அங்கே ‘கெ’: செம்மண்–கெம்மண்ணு. குன்னூருக்கு அருகில் உள்ள உலிக்கல்லை ‘உளிக்கல்’ என்று எடுத்துக்கொண்டு சிற்பிகள் கதை எழுதினால் அது வீண். அது ஹுலிக்கல், புலிக்கல்.

வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது அரசுப் பலகை: ஊரார் ‘ஹுப்பதலை’ என்பதைப் பலகை ‘உபதலை’ என்று எழுதும், பலகையைப் பார்த்துப் பொருள் பிரித்தால் சமஸ்கிருதத்தில் போய் முட்டுவீர்கள். இரண்டாவது, ஆங்கிலேயர் இட்ட பெயர் தமிழ் வேடம் போடுவது. அவலாஞ்சி எந்தத் தமிழ் அவலும் இல்லை, நிலச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மூன்றாவது, ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பது. வெலிங்டன் பாசறையின் பழைய பெயர் ஜக்கதலா. பக்கத்தில் ஜெகதளா ஊர் இன்றும் இருக்கிறது. எந்த இடத்துக்கும் தோடர் பெயர், படுகர் பெயர், தமிழ்ப் பெயர், வரைபடப் பெயர் என நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டமும் ஒரு தகவல்தான்.

உதகமண்டலம் என்பதற்கு என்ன பொருள்?

1821-இல் அச்சில் வந்த வடிவம் ‘வோட்டோகிமண்ட்’. கடைசிப் பகுதி ‘மந்து’ என்பதில் சண்டையில்லை. முன்பகுதிக்கு ‘ஒற்றைக்கல்’ முதல் ஏகப்பட்ட விளக்கங்கள் உண்டு. ‘உதகம்’ என்றால் நீர், எனவே நீர் மண்டலம் என்பது பெயர் வந்த பின் ஒட்டவைத்த விளக்கம்.

மலையில் உள்ள கல்வட்டங்களும் சிற்பக் கற்திட்டைகளும் யாருடையவை?

இரண்டும் வேறு வேறு, காலமும் வேறு. முகடுகளில் உள்ள கல்வட்டக் குழிகள் ஈமச் சின்னங்கள். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் இவற்றில் பலவற்றைத் தோண்டினார். விலங்கு உருவங்களை மூடியில் வைத்த மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், பொன் அணிகள் கிடைத்தன. இன்று அவற்றைப் பார்க்க லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் சென்னை அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். அவர் எழுதிய அறிக்கை, அவர் இறந்த பின் 1873-இல் அச்சானது. தோடர் அவற்றைத் தம் முன்னோருடையவை என்று உரிமை கொண்டாடவில்லை என்பது அக்காலக் குறிப்பு.

சோலூர், மேலூர் பக்கம் உள்ள சிற்பக் கற்திட்டைகள் (கற்பலகைகளை நிறுத்தி மேலே கல்லால் மூடிய அமைப்புகள்) பிற்காலத்தவை. வில்லேந்திய வீரன், மாடு, புலியோடு சண்டை, கைகூப்பிய பெண், மேலே சூரியனும் சந்திரனும் என்று நடுகல் மரபைச் சேர்ந்தவை. சிலவற்றுக்கு இன்றும் பூசை உண்டு.

நடுகல்லைப் படியெடுப்பது எப்படி?

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மைப்படி எழுத்துக்காக உள்ள முறை. நீலகிரிக் கற்களில் பெரும்பாலும் எழுத்து கிடையாது, சிற்பம்தான். அதற்குச் சாய்வொளிப் படம் போதும், கல்லுக்கும் கெடுதலில்லை.

சாய்வொளிக்கு: வெயில் இறங்கிய பின் போங்கள். கேமராவை முக்காலியில், கல்லுக்கு நேர் எதிரே, அதன் நடு உயரத்தில் நிறுத்துங்கள். டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில், ஒன்றரை மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். இடது, வலது, மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். நான்கையும் ஒப்பிட்டால்தான் எது செதுக்கல், எது பாறை வெடிப்பு என்று தெரியும். வெடிப்பை வில்லாக எண்ணி ஏமாறுவது சகஜம். அளவுகோலை ஓரத்தில் வைக்க மறக்காதீர்கள். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பாசியோடு மேல்தோலும் போகும்.

எழுத்து இருந்தால் மைப்படி. பூசையில் உள்ள கல்லானால் ஊர்த் தலைவரான கவுடரிடமும் பூசாரியிடமும் கேட்காமல் மை கொண்டுபோக வேண்டாம். கல்லை நீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டிக்கொண்டே போக வேண்டும். காகிதம் எழுத்துக் குழிக்குள் இறங்கும். காகிதத்தில் பளபளப்பு போய், ஆனால் ஈரம் மீதமிருக்கும் நேரத்தில் கரிமையை ஒத்தடமாக வையுங்கள். ஈரம் அதிகமென்றால் மை ஊடுருவிக் கல்லைக் கறையாக்கும். முழுக்கக் காய்ந்தால் காகிதம் உரிந்து நகரும். சமவெளியில் அரை மணியில் கிடைக்கும் பதம், மஞ்சில் இரண்டு மணி நேரமானாலும் வராது. ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பத்து மணிக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

பானை, காசு ஏதாவது கிடைத்தால்?

எடுக்காமல் விடுங்கள். இருந்த நிலையில் படமும் ஜி.பி.எஸ். புள்ளியும் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். இடம் மாறிய பானை ஆய்வுக்கு ஓட்டாஞ்சில்லுக்குச் சமம். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘உங்கள் ஊர் வரலாறு என்ன?’ என்று கேட்காதீர்கள். கோயில் திருவிழாத் துண்டறிக்கையில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: ‘இந்தக் கல்லுக்கு ஏன் பால் ஊற்றுகிறீர்கள்?’, ‘இந்த வழியில் எருமையை ஏன் ஓட்டுவதில்லை?’ கதை தானாக வரும்.

கூட்டமாக உட்கார வைத்தால் மூத்தவர் சொல்வதே முடிவு, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவரைத் தனியாக, பின் இன்னொருவரைத் தனியாகக் கேளுங்கள். பெண்கள் சொல்லும் வடிவம் பெரும்பாலும் வேறாக இருக்கும். குறிப்பாக ஹெத்தை கதையில். ‘ஹெத்தை’ என்றால் மூதாட்டி. பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் அவளைப் பற்றிச் சொல்வது ஒன்றுபோல் இருக்காது. எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ஊரின் பெயரோடு எழுதினால் போதும்.

கேள்வியைத் தமிழில் கேட்டால் பதிலும் தமிழில் வரும். தமிழில் வரும் கதை வெளியாருக்குச் சொல்லும் கதை: தெய்வப் பெயர்கள் அம்மனாகவும் சிவனாகவும் மாறியிருக்கும். தாய்மொழியில் முதலில் முழுதும் சொல்லவிட்டு, பிறகு அதே ஆளிடம் தமிழில் கேளுங்கள்.

கருவி பற்றி: வேவ் வடிவத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 600 எம்.பி. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மலைக்காற்றுக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். எம்பி3-இல் நேரடியாகப் பதிந்தால் தோட மொழியின் மெல்லிய ஒலிகள் முதலில் பலியாகும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், சொல்பவர், யாரிடம் கேட்ட கதை, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வது என்று வாயால் சொல்லிவிடுங்கள். தாளில் எழுதியது தொலையும், ஒலியோடு ஒட்டியது தொலையாது.

படுகு, தோடம் போன்ற மொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா?

படுகு மொழியை எழுதலாம். ‘ஹ’, ‘ஜ’ துணைக்கு வரும். ஆனால் நாக்கை மடித்து ஒலிக்கும் உயிர்கள் படுகில் உண்டு. அவற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. க–ga, ப–ba வேறுபாட்டையும் தமிழ் எழுத்து காட்டாது என்பதால், குழப்பம் வரும் சொல்லுக்கு ஏதேனும் ஒரு குறியை நீங்களே வகுத்து முதல் பக்கத்தில் விளக்கிவிடுங்கள். தோடம் கதை வேறு. குரலில்லாத லகரமும் பல வகை ரகரமும் கொண்ட மொழி அது. தமிழில் எழுதினால் மூன்று சொற்கள் ஒரே சொல்லாகிவிடும். பொருளை மட்டும் தமிழில் எழுதி, மூலத்தை ஒலியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

‘அப்போ நான் சின்னப் பிள்ளை’ என்பதை ஆண்டாக மாற்றுவது எப்படி?

நிகழ்ச்சியைக் கொக்கியாக மாட்டுங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் 1899, அது உதகைக்கு வந்தது 1908. பைக்காரா மின்சாரம் 1932. பவானிசாகர் அணை 1955. தண்ணாயக்கன் கோட்டை நீருக்குள் போனது அப்போதுதான். குந்தா மின் திட்ட வேலை 1950களின் பிற்பாதியிலிருந்து. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964, அதன்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வருகை. பெருமழை, மண்சரிவு என்றால் 1978, 1993, 2009 மூன்றில் எது என்று கேளுங்கள். மரப்பாலம் என்ற இடத்தைச் சொன்னால் 1993.

‘அணை கட்டும்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்டால் ஐந்தாறு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். தலைமுறைக்கு 25–30 ஆண்டு என்று பெருக்குவது மூன்று தலைமுறை வரைதான் சரிவரும்.

பழைய ஆவணங்களை எங்கே தேடுவது?

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதலிடம். ஆனால் நீலகிரி என்ற பெயரில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. 1868-இல் கமிஷனர் வரும் வரை மலை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1830 முதல் 1843 வரை மேற்குப் பகுதி மலபார்க் கலெக்டரின் கீழ் இருந்தது. தனி மாவட்டமானது 1882-இல். எந்த ஆண்டைத் தேடுகிறீர்களோ அந்த ஆண்டின் எஜமானர் யார் என்று பார்த்து அந்தக் கட்டைக் கேளுங்கள். எழுத்துக்கூட்டலும் மாறும்: ‘நீல்கெர்ரி’, ‘கோட்டர்கெர்ரி’, ‘டிம்ஹட்டி’ என்றெல்லாம் தேட வேண்டிவரும்.

ஊர் அளவில், வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள பழைய அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) பலர் தொடாத சுரங்கம். மந்தைவெளி, சுடுகாடு, கோயில் புறம்போக்கு எங்கெங்கே இருந்தன என்று தெரியும். உதகையில் நீலகிரி நூலகமும், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் உண்டு. 1880-இன் மாவட்டக் கையேடும் 1908-இன் கெசட்டியரும் பயனுள்ளவை. ஆனால் பின்னது முன்னதைப் பார்த்தும், முன்னது அதற்கு முந்தைய அறிக்கைகளைப் பார்த்தும் எழுதியவை. இரண்டிலும் ஒரே செய்தி இருந்தால் இரண்டு சாட்சி என்று எண்ண வேண்டாம்.

குறும்பர் மந்திரக் கதைகளை எழுதலாமா?

எழுதலாம், யார் சொன்னது என்று சேர்த்து. குறும்பர் சூனியம் வைப்பவர்கள் என்ற பேச்சு பெரும்பாலும் குறும்பர் அல்லாதவர்கள் சொன்னது. அந்தப் பயத்தால் 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கொலைகளைச் சொல்லாமல் மந்திரத்தை மட்டும் சுவாரசியமாக எழுதுவது நேர்மையில்லை. குறும்பரிடமே கேட்டால் தேனெடுப்பு, பாறை ஓவியம், மருந்து, காட்டுத் தெய்வம் என்று வேறு உலகம் விரியும்.

விழாவுக்குப் போய்ப் பார்க்கலாமா, படமெடுக்கலாமா?

ஹெத்தை ஹப்பா டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும். வெள்ளை உடைதான் வழக்கம். கோத்தரின் கம்பட்டராயர் விழாவும் ஏறக்குறைய அதே காலத்தில். தோடர் மந்தில் பால்மனைக் கோயிலின் சுற்றுச்சுவரைத் தாண்டக் கூடாது. பெண்கள் அருகில் போவதில்லை. சுவருக்கு வெளியே நின்று எடுப்பதற்கும் கேட்டுவிட்டே எடுங்கள்.

சாவுச் சடங்குப் பாடலை வீட்டில் உட்கார வைத்துப் பாடச் சொல்லாதீர்கள். படுகரின் கரு ஹரசோது, இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கன்றின் மேல் ஏற்றும் ஓதுதல். சாவு விழாத வீட்டில் அதைச் சொல்லப் பெரியவர்கள் தயங்குவார்கள். வற்புறுத்தினால் பாதியை விட்டுவிட்டுச் சொல்வார்கள், உங்களிடம் இருப்பது குறைப்பதிவு என்பதே உங்களுக்குத் தெரியாது. வரிகளின் பொருளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த பின்?

அச்சுக்கு முன் ஒரு படியைச் சொன்னவரிடமே படித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா என்று அப்போது கேட்பதுதான் சரி. பதிவின்போது ‘சரி’ என்றவர்கள் எழுத்தில் பார்த்தபின் மறுப்பதுண்டு. நிலத்தகராறு, இரு குடும்பப் பகை பற்றிய பகுதிகளை ஊரோடு கலந்து எடுத்துவிடலாம்; மூலப் பதிவில் மட்டும் கைவைக்காதீர்கள். மூன்று பிரதி: ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில், ஒன்று சொன்னவரின் வீட்டில். மலை வீட்டு ஈரத்தில் குறுவட்டில் பூஞ்சை பிடிக்கும், பென்டிரைவில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு கொடுங்கள்.